கதவு திறக்கவில்லை, 11 பேர் வீடு திரும்பவில்லை!

பாட்டு கேட்கப் போன பிள்ளை திரும்பி வரவில்லை.

ஒரே இரவில் 11 வீடுகளில் இந்த அழுகுரல் கேட்டது. கத்திக்குத்து கிடையாது. துப்பாக்கிச் சூடு கிடையாது. தீ விபத்தும் கிடையாது. பிடித்த பாடகரின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினார்கள். கதவு திறக்கும் என்று வாசலில் நின்றார்கள். அவர்கள் செய்தது அவ்வளவுதான்.

நடந்தது அமெரிக்காவில். ஓகியோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரம். 1979-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ந்தேதி, திங்கட்கிழமை.

"அவ்வளவு பழைய கதை இப்போ எதுக்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியம் பகுதியில் நெரிசலில் சிக்கி இறந்தவர்களும் 11 பேர்தான். அங்கே ராக் பாட்டு, இங்கே கிரிக்கெட் வெற்றி விழா. ஊர் வேறு, காலம் வேறு. நெரிசல் மட்டும் மாறவில்லை.

வாசலில் 8 ஆயிரம் பேர்

'தி ஹூ' என்பது இங்கிலாந்து நாட்டு ராக் இசைக்குழு. பாடகர் ரோஜர் டால்ட்ரி. கிதார் வாசிப்பவர் பீட் டவுன்சென்ட். அந்தக் காலத்தில் இவர்கள் பெயரைச் சொன்னாலே இளவட்டங்கள் துள்ளிக் குதிக்கும்.

கச்சேரி நடந்த இடம் ஆற்றங்கரையில் இருக்கும் 'ரிவர்பிரண்ட் கொலிசியம்' என்ற பெரிய உள்ளரங்கம். விற்ற டிக்கெட்டுகள் 18 ஆயிரத்து 348. அதில் 14 ஆயிரத்து 770 டிக்கெட்டுகளுக்கு இருக்கை எண் கிடையாது. அதாவது நூற்றுக்கு 80 பேருக்கு இன்ன இடம் என்று இல்லை. யார் முதலில் ஓடிப் போகிறாரோ, அவருக்கு மேடை ஓரம் இடம்.

இதற்கு 'பெஸ்டிவல் சீட்டிங்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். பெயரில்தான் சீட் இருக்கிறது. தரையில் சீட் இல்லை. நாற்காலி போடாத தரையில் ஆட்களை அதிகம் நிறுத்தலாம். இடம் காட்ட ஆட்களும் அதிகம் வேண்டாம். லாபம் யாருக்கு என்று விளக்கத் தேவை இல்லை.

முன்வரிசை வேண்டும் என்றால் ரசிகன் என்ன செய்வான்? சீக்கிரம் போய் நிற்பான். மத்தியானமே வந்து நின்றார்கள். குளிர்காலம், ஆற்றங்காற்று வேறு. பொழுது சாயச் சாயக் கூட்டம் பெருகியது. கச்சேரி இரவு 8 மணிக்கு. 7 மணி வாக்கில் வாசலில் சுமார் 8 ஆயிரம் பேர் நின்றார்கள்.

கதவு மட்டும் திறக்கவில்லை.

இசைக்குழுவினர் மைக்கையும் கருவிகளையும் சரிபார்க்கும் வேலை தாமதமாக நடந்தது. அந்தச் சத்தம் வெளியே கேட்டது. "அய்யோ, ஆரம்பிச்சுட்டாங்க!" என்று பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருக்கினார்கள். வரிசையாகப் பல கதவுகள் இருந்தும், திறந்தது ஒரு சில கதவுகள்தான். 8 ஆயிரம் பேரும் அந்தச் சின்ன வாய்க்குள் புகப் பார்த்தார்கள்.

சற்று நேரத்தில் 11 பேர் பிணமானார்கள். இருபதுக்கும் அதிகமானவர்கள் காயம் அடைந்தார்கள். இறந்தவர்களில் 15 வயதுப் பெண்கள் இரண்டு பேர். எல்லோரிலும் மூத்தவருக்கு வயது 27. கூட்டம் விலகியபோது வாசல் எங்கும் செருப்பும் பூட்சுமாகச் சிதறிக் கிடந்தன.

மிதிபட்டு சாகவில்லை!

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. இப்படிச் செத்தவர்களை 'மிதிபட்டு இறந்தனர்' என்று எழுதுவது வழக்கம். உண்மை அது அல்ல. நெஞ்சு நசுங்கி, மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள்.

மாலை 6 மணிக்கு பூங்கா ஸ்டேஷனில் மின்சார ரெயில் ஏறுகிறவர்களுக்கு இது பாதி புரியும். மூச்சை வெளியே விடும்போது நெஞ்சு சுருங்கும். திரும்ப இழுக்கும்போது விரிய வேண்டும். நாலு பக்கமும் ஆட்கள் அழுத்தினால் நெஞ்சு விரிய இடம் ஏது? நின்றபடியே மயக்கம் வரும். கீழே விழக்கூட இடம் இருக்காது. செத்தவர் நிற்பது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

நெரிசல் பற்றி ஆராய்ந்த ஜான் புரூயின் என்ற அமெரிக்க நிபுணர் 1993-ல் ஒரு கணக்கு எழுதினார். ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 7 பேர் நின்றால், அதற்குப் பிறகு அது ஆட்கள் கூட்டம் அல்ல, தண்ணீர் மாதிரி என்றார். அலை அடித்தால் எல்லோரும் ஒன்றாகச் சாய்வார்கள். பயில்வான் ஆனாலும் தன் காலில் நிற்க முடியாது.

இன்னொரு சங்கதி. முன்னால் நடப்பது பின்னால் தெரியாது. பஸ்சில் கண்டக்டர் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்துவார். படிக்கட்டில் தொங்குகிறவருக்கு உள்ளே இடம் இருப்பதாகத்தான் தோன்றும். உள்ளே இருப்பவருக்குத்தான் நிலைமை தெரியும். சின்சினாட்டி வாசலிலும் இதுதான். முன்னே சாகிறார்கள், பின்னே தள்ளுகிறார்கள். தள்ளியவன் கொலைகாரன் அல்ல. அவனுக்குத் தெரியாது.

பழி யார் மேல்?

மறுநாள் பழி யார் மேல் விழுந்தது? ரசிகர்கள் மேல்! 'குடிகாரக் கூட்டம், போதைக் கூட்டம், காட்டுமிராண்டிகள்' என்று அங்குள்ள பத்திரிகைகளிலேயே எழுதினார்கள்.

ஆனால் நாரிஸ் ஜான்சன் என்ற சமூகவியல் பேராசிரியர் சும்மா இருக்கவில்லை. அங்கே நின்றவர்கள் போலீசுக்குக் கொடுத்த வாக்குமூலங்களை எடுத்துப் படித்தார். 1987-ல் தன் முடிவை வெளியிட்டார். வெறிபிடித்து ஒருவரை ஒருவர் மிதித்து ஓடியதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, விழுந்தவர்களைத் தூக்கிவிட முயன்றிருக்கிறார்கள். முகம் தெரியாதவருக்கும் கை கொடுத்திருக்கிறார்கள். தங்களால் முடியாமல் போகும்வரை உதவி செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் கோளாறு கூட்டத்தில் இல்லை. கூட்டத்தை வரவழைத்து, கதவைச் சாத்தி வைத்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

உள்ளே பாட்டு, வெளியே பிணம்!

கேட்டால் நெஞ்சு பதறும். வெளியே 11 பேர் இறந்து கிடந்த இரவில், உள்ளே கச்சேரி முழுசாக நடந்தது. கைதட்டலும் விசிலும் பறந்தன. இசைக்குழுவினருக்கு விஷயமே தெரியாது. ஆட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் அவர்களிடம் சொன்னார்கள்.

நடுவில் நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் ஆத்திரப்பட்டு வெளியே பாய்வார்கள், இன்னொரு நெரிசல் வரும் என்று பயந்து, நடக்கட்டும் என்று விட்டார்கள். இதைத் தப்பு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நிலைமை வரை விட்டது யார் தப்பு?

வழக்குகள் தொடரப்பட்டன. 1983-ல் சமரசம் ஆனது. இறந்தவர்களில் பெரும்பாலோரின் குடும்பங்களுக்கு சுமார் 1½ லட்சம் டாலர் வீதம் கிடைத்தது. பணம் வந்தது, பிள்ளை வரவில்லை.

தடை வந்தது, போனது

அந்த நகர மன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. அதே மாதம் 27-ந்தேதி, இருக்கை எண் இல்லாத டிக்கெட் முறைக்குத் தடை போட்டது. 24 நாளில் சட்டம்!

தடை சுமார் 24½ ஆண்டுகள் இருந்தது. 2002-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பிரபல பாடகரின் கச்சேரிக்காக ஒரு தடவை விலக்கு கொடுத்தார்கள். 2004 ஆகஸ்டில் தடையையே எடுத்துவிட்டார்கள். மற்ற ஊர்களுக்குப் போகும் பெரிய கச்சேரிகள் தங்கள் ஊருக்கு வரவில்லையே என்ற கவலை. வியாபாரம் என்று வந்துவிட்டால் எந்த ஊரும் ஒன்றுதான்!

மற்ற ஊர்கள் பாடம் படித்தனவா? 2000-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி டென்மார்க் நாட்டில் ராஸ்கில்டே இசை விழா. 'பேர்ல் ஜாம்' ராக் குழு பாடிக்கொண்டிருக்கும்போது மேடைக்கு முன்னால் நசுங்கி 9 வாலிபர்கள் பலி. 2021 நவம்பர் 5-ந்தேதி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிராவிஸ் ஸ்காட் கச்சேரி. 10 பேர் பலி. அதில் ஒரு பையனுக்கு வயது 9. ஆட்கள் சுருண்டு விழத் தொடங்கிய பிறகும் பாட்டு நிற்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2023 செப்டம்பர் 10-ந்தேதி சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் இசை நிகழ்ச்சி. டிக்கெட் கையில் இருந்தும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். கிழக்கு கடற்கரைச் சாலை திணறியது. பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. டிக்கெட் பணம் திருப்பித் தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. நல்லவேளை, உயிர் போகவில்லை. நல்லவேளையை நம்பித்தான் விழா நடத்த வேண்டுமா?

2025 செப்டம்பர் 27-ந்தேதி கரூரில் அந்த 'நல்லவேளை' இல்லை. அரசியல் கூட்டத்தில் 41 பேர் போய்விட்டார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவை இல்லை.

சொன்ன நேரத்துக்கு முன்பே கதவுகளைத் திறக்க வேண்டும். ஒன்று இரண்டு அல்ல, எல்லாக் கதவுகளையும். தாமதம் என்றால் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். "இன்னும் கச்சேரி ஆரம்பிக்கலை, அவசரப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை அன்று சொல்லியிருந்தால், சின்சினாட்டியில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ!

டிக்கெட்டில் இருக்கை எண் போட வேண்டும். எண் இருந்தால் ஓட வேண்டிய அவசியமே இல்லை. வாசலுக்கு வெகு தூரத்திலேயே தடுப்புக் கட்டி, கூட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விட வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளில், 250 பேருக்கு ஒருவர் என்று பயிற்சி பெற்ற ஆள் வைக்கச் சொல்கிறார்கள். தடியுடன் நிற்கும் ஆள் அல்ல, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து ஆபத்தைப் புரிந்துகொள்ளும் ஆள். ஆபத்து என்றால் பாட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெரிசலில் மாட்டினால் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வையுங்கள். மூச்சுக்கு அந்த இடம்தான் உயிர். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை நின்றதும் குறுக்காக, ஓரமாக நகருங்கள். செல்போனோ செருப்போ விழுந்தால் குனியாதீர்கள். போனால் போகட்டும்.

42 வருடம் கழித்து...

'தி ஹூ' குழுவினர் 2022 மே 15-ந்தேதி சின்சினாட்டி நகருக்கு மறுபடி வந்து பாடினார்கள். 43-வது வருடம்! இறந்தவர்களில் 3 பேர் படித்த பின்னிடவுன் பள்ளிக்கூடத்தில், அவர்கள் நினைவாக இப்போது மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். பழைய அரங்கத்துக்கு வெளியே 11 பேருக்கும் நினைவுச் சின்னம் வைக்கப்பட்டிருக்கிறது. அதை வைக்கவே 2015 வரை ஆனது.

ரசிகனைக் குறை சொல்லாதீர்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்குகிறான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, "ராத்திரி லேட்டாகும், நீ சாப்பிட்டுப் படும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். டிக்கெட் விற்றவர் பாட்டுக்கு மட்டும் பணம் வாங்கவில்லை. அவன் பத்திரமாக வீடு திரும்புவதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

அடுத்த கச்சேரிக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"கதவை எத்தனை மணிக்குத் திறப்பீங்க? எத்தனை கதவு?"