ஒத்திகைக்கு முன் தூண்களைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரை 1933 மார்ச் 10 அன்று நிலநடுக்கம் தாக்கியபோது மாலை 5.54 மணி. வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியிருந்தார்கள். 70 பள்ளிகள் இடிந்தன, இன்னும் 120 பள்ளிகள் பலத்த சேதமடைந்தன. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று பூமி குலுங்கியது ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். அந்த நாட்டில் பள்ளிகளுக்கு வார விடுமுறை சனிக்கிழமைதான். ஆயிரக்கணக்கான பள்ளிகளில் வகுப்பறைகள் நொறுங்கியும் உள்ளே பிள்ளைகள் இல்லை. காஷ்மீருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எல்லைக்கு அந்தப்புறம், பாகிஸ்தான் பகுதியில், 2005 அக்டோபர் 8 பள்ளி நாள். காலை வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. பள்ளிக் கட்டடங்களுக்குள் மட்டும் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. சீனாவின் சிச்சுவானில் 2008 மே 12 பிற்பகல் 2.28-க்கு நிலம் அதிர்ந்தபோதும் வகுப்பு நேரம். இறந்த, காணாமல்போன மாணவர்கள் அரசுக் கணக்குப்படியே ஐயாயிரத்துக்கு மேல். நேபாளத்துப் பள்ளிக் கட்டடங்கள் காஷ்மீரத்துக் கட்டடங்களைவிட உறுதியானவை அல்ல. இரண்டு இடத்திலும் கட்டடம் விழுந்தது. ஓரிடத்தில் மணி பார்த்து விழுந்தது, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியா கடிகாரத்தை நம்ப விரும்பவில்லை. லாங் பீச் நிலநடுக்கம் நடந்து ஒரே மாதத்தில், ஏப்ரல் 10 அன்று, ஃபீல்டு சட்டம் என்று அழைக்கப்படும் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தைத் தகுதிபெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ தயாரிக்க வேண்டும். அதை மாநில அரசின் தனி அலுவலகம் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். வேலை நடக்கும்போது ஓர் ஆய்வாளர் களத்தில் தொடர்ந்து இருந்து கண்காணிக்க வேண்டும். வடிவமைத்தவர், கட்டியவர், கண்காணித்தவர் என எல்லோரும் ‘வரைபடப்படியே வேலை நடந்தது’ என்று பொய்யுறுதிக்குத் தண்டனை உண்டு என்ற நிபந்தனையின் கீழ் அறிக்கை தர வேண்டும். அன்றிலிருந்து அம்மாநிலத்தைப் பல பெரிய நிலநடுக்கங்கள் தாக்கியிருக்கின்றன. இந்தச் சட்டப்படி கட்டிய எந்தப் பள்ளியும் நிலநடுக்கத்தில் சரிந்து விழுந்ததில்லை. குறையே இல்லாத சட்டம் என்று சொல்ல மாட்டேன். பழைய கட்டடங்களுக்கு 1939-ல் வேறொரு சட்டம் வந்தும், அவற்றை முழுமையாக ஒழித்துக்கட்ட 1970-கள் வரை ஆனது. ஆனாலும் அதன் அடிப்படை எளிமையானது: கட்டுபவரை அவரே சரிபார்த்துக்கொள்ள விடக்கூடாது.

இந்தியாவில் பள்ளிப் பாதுகாப்பு என்றவுடன் நினைவுக்கு வருவது ஒத்திகை. மணி அடிக்கும், பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் குனிவார்கள், பிறகு புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக மைதானத்துக்கு ஓடுவார்கள், படம் எடுக்கப்படும். கட்டடம் பற்றிய பேச்சு இதில் வராது. விதிகள் இல்லாமல் இல்லை. சாதாரணக் கட்டடத்துக்குக் கணக்கிடுவதைப்போல ஒன்றரை மடங்கு நிலநடுக்க விசையைத் தாங்கும்படி பள்ளியை வடிவமைக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதிகளே சொல்கின்றன. கோளாறு களத்தில் இருக்கிறது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் காணும் அமைப்பைப் பாருங்கள்: தூணுக்கும் தூணுக்கும் இடையே பாதி உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் அகலமாக ஜன்னல். வெளிச்சத்துக்கும் காற்றோட்டத்துக்கும் நல்லதுதான். ஆனால் சுவர் தூணை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது தூணின் மேல்பாதி மட்டுமே வளைய முடியும். பத்தடித் தூண் ஐந்தடித் தூணாகிவிடும். குட்டைத் தூண் விறைப்பானது. விறைப்பான தூண் தன் பங்குக்கு மேல் விசையை இழுத்துக்கொள்ளும். ஜன்னல் உயரத்தில் பெருக்கல் குறிபோலக் குறுக்காக வெடிக்கும். சுவருக்கும் தூணுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுவது, அல்லது தூணின் முழு உயரத்துக்கும் ரிங் கம்பிகளை நெருக்கமாகக் கட்டுவது இதற்கு மருந்து. அந்த ரிங்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முனையை 135 டிகிரிக்கு உள்நோக்கி மடக்க வேண்டும். கம்பி கட்டுபவர் வேலை சுலபத்துக்காக 90 டிகிரியோடு நிறுத்தினால், மேல்பூச்சு உதிர்ந்ததும் ரிங் பிரிந்துகொள்ளும். கான்கிரீட் போட்ட பிறகு இதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. போடும் அன்று பார்க்க ஆள் இருந்தாரா என்பதில்தான் அந்த வகுப்பறையின் கதி இருக்கிறது.

ஒத்திகையால் உயிர் பிழைத்தவர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அதற்குப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது சிச்சுவானின் சாங்சாவ் நடுநிலைப்பள்ளி. பக்கத்துப் பெய்ச்சுவானில் ஒரே பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அதே நாளில், சாங்சாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் 1 நிமிடம் 36 விநாடியில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. எந்த வகுப்பு எந்த மாடிப்படியில் இறங்குவது, முன்வரிசைப் பிள்ளைகள் எந்தக் கதவு, பின்வரிசையினர் எந்தக் கதவு என்பதுவரை பழக்கியிருந்தார் தலைமையாசிரியர் யே ஜிபிங். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் அதன் முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஒத்திகையைத் தொடங்குவதற்கு முன்பே அவர் கட்டடத்தில் கை வைத்திருந்தார். 1,60,000 யுவானில் கட்டப்பட்ட மட்டமான கட்டடம் அது. அதைச் சரிசெய்ய அவர் கல்வித் துறையிடம் கேட்டுக் கேட்டுச் சிறுகச் சிறுகப் பெற்ற தொகை ஏறத்தாழ 4,00,000 யுவான். 22 தூண்களை 37 சென்டிமீட்டரிலிருந்து 50-க்கு மேல் பருமனாக்கினார். 1 நிமிடம் 36 விநாடி ஓடுவதற்குக் கட்டடம் அத்தனை நேரம் நின்றாக வேண்டும். தூண்கள்தான் அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்தன. தூண் நிற்குமா என்று தெரியாத கட்டடத்தில் பெஞ்சுக்கு அடியில் குனியச் சொல்லிக்கொடுப்பது, ஆசிரியரையும் பெற்றோரையும் நிம்மதியாக வைத்திருக்கும் ஏற்பாடு மட்டுமே.

செலவு என்னும் ஆட்சேபம் கனமானது. லட்சக்கணக்கான பள்ளிகள் உள்ள நாட்டில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எல்லாவற்றையும் இடித்துக் கட்ட யாராலும் ஆகாது, தேவையும் இல்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கில் செங்கல் சுவர்ப் பள்ளிகளுக்கு, மூலைகளிலும் ஜன்னல்களின் மேலும் கீழும் கம்பி வலையைப் பட்டைபோல ஓட்டிச் சிமென்ட் பூசி இறுக்கினார்கள். உள்ளூர்க் கொத்தனார்களுக்கே பயிற்சி தந்து செய்த வேலை. புதுக் கட்டடத்துக்கு ஆவதில் ஒரு பங்குதான் செலவு. அப்படி வலுவூட்டிய பள்ளிகள் 2015-ல் தாக்குப்பிடித்தன. பல பள்ளிகள் அக்கம்பக்கத்தாருக்குத் தங்குமிடமும் ஆயின. ஜப்பானே பணக்கார நாடாக இருந்தும் ஒரே மூச்சில் செய்யவில்லை. 2002-ல் அங்கே அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களில் நிலநடுக்கம் தாங்கும் என்று உறுதியானவை பாதிக்கும் குறைவு. 2015-ல் 95 சதவீதத்தைத் தாண்டின. சிச்சுவான் செய்தி வந்த மறுமாதமே சட்டத்தைத் திருத்தி மானியத்தைக் கூட்டியதும், ஆய்வு முடிவுகளை உள்ளாட்சிகள் வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியதும் அந்த வேகத்துக்குக் காரணம்.

தமிழ்நாட்டுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. இமயமலை அடிவாரத்துக்கு உள்ள ஆபத்து நமக்கு இல்லை என்பது உண்மை. முதலில் செலவிட வேண்டிய இடம் அசாமும் உத்தராகண்டும் கட்ச்சும்தான். அதே சமயம் 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2002-ல் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் கட்டியவை பழைய கணக்கில் கட்டியவை. இன்னொன்று, நம் பள்ளிச் சுவர்கள் விழ நிலநடுக்கம் தேவைப்படவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவர் மாவட்டத்தில் கூரை விழுந்து ஏழு குழந்தைகள். இரண்டு இடத்திலும் நிலம் அசையவில்லை.

2004-ல் கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு சான்றிதழ்கள் பெருகின. கட்டட உறுதிச் சான்று இல்லாமல் இன்று தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் கிடைக்காது. ஆனால் அந்தச் சான்றைத் தரும் பொறியாளருக்குக் கட்டணம் தருவது பள்ளி நிர்வாகம்; அரசுப் பள்ளியிலோ கட்டும் துறையே பல நேரம் சான்றும் தருகிறது. தகுதியில்லாதவர் ஆய்வு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, இவ்வளவு செய்த ஜப்பானிலேயே உதாரணம் உண்டு. 2018 ஜூனில் ஒசாகா நிலநடுக்கத்தில் பள்ளி நீச்சல்குளத்தின் பிளாக் சுவர் சரிந்து ஒன்பது வயதுச் சிறுமி இறந்தாள். அந்தச் சுவர் அனுமதிக்கப்பட்ட உயரத்தைவிட அதிகம். ஆபத்து என்று ஒரு நிபுணர் முன்பே எச்சரித்திருந்தார். அதன்பின் வந்து பார்த்த நகராட்சி ஊழியர்கள் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போயிருந்தார்கள்.

ஆகவே, கட்டும் துறைக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் கட்டுப்படாத ஆய்வு அமைப்பு ஒவ்வொரு மாநிலத்திலும் வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் கட்டமைப்புத் துறைகளை இதில் ஈடுபடுத்தலாம். ஆள் இல்லை என்ற பேச்சுக்கு இடமிராது. கண்டதை வெளியிட்டால் பெற்றோர் பீதியடைவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சுவார்கள். பெற்றோர் கொஞ்சம் பதறினால்தான் நிதி நகரும் என்பது ஜப்பானிய அனுபவம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். கட்டடம் எந்த ஆண்டு கட்டியது, யார் ஆய்வு செய்தார், என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்ற அறிக்கை ஆண்டுதோறும் அக்குழுவின் மேசைக்கு வர வேண்டும். இக்குழு கட்டாயமில்லாத தனியார் பள்ளிகளில், அங்கீகாரம் புதுப்பிக்கும்போது அதே அறிக்கையை வாங்கிக் கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளியின் பெயரோடு போடலாம். சேர்க்கைக்கு முன் பார்த்துக்கொள்ள பெற்றோருக்குத் தெரியும்.