சுருட்டின் பெருமை புகையிலா?

சிங்கப்பூர்க் கடைகளில் 2017 முதல் புகையிலைப் பொருள்களைக் கண்ணிற்படும்படி வைத்தலாகாது. 2020 முதல் அவற்றின் உறைகளெல்லாம் ஒரே மங்கிய நிறம். 2021 முதல் 21 வயது நிரம்பாதார்க்கு விற்றலும் குற்றம். இவை கண்டு நம்மவரிற் சிலர், “ஐயகோ, சுருட்டென்னும் தமிழ் மரபு அழிகின்றதே!” என்று புலம்புகின்றனர். அவர்கள் காட்டும் பெருமைகளைச் சிறிது நிறுத்துப் பார்ப்போம்.

“நம் ‘சுருட்டு’ என்னும் சொல்லன்றோ ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று?” என்பர். ஆயிற்று. “இருமுனையும் நேராய் நறுக்கிய திருச்சிச் சுருட்டு 1887-இலேயே கோனன் டாயிலின் கதையில் ஏறவில்லையா?” என்பர். ஏறிற்று. சாம்பலைக் கண்டே அச்சுருட்டை அறிந்த ஷெர்லக் ஹோம்ஸை உலகம் அறியும். அதனை உருட்டிய உறையூர்க் கையை அறிந்தவர் யார்? “முனியாண்டிக்கும் படைக்கின்றோமே!” என்பர். ஆம், சாமியின் வாயில் சுருட்டு வைத்தோம். சுருட்டியவன் வயிற்றுக்கு என்ன வைத்தோம்?

வாயையும் நெஞ்சையும் புற்றுநோய்க்கு இரையாக்கும் நஞ்சைப் பாட்டன் பிடித்தானென்று போற்றுதல் அறிவுடைமையாகாது. எனினும் அத்தொழிலில் போற்றத்தக்க மரபொன்று உண்டு. நரம்பு நீக்கிப் பதப்படுத்திய இலையை உள்ளே பொதிந்து, நல்ல இலையால் மேலே சுற்றி நறுக்குவோனுக்குக் கை ஓயாது. காதோ சும்மா இருக்கும். ஆகவே யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையும் கதையும் உரக்க வாசிப்பார். மற்றையோர் கேட்டுக்கொண்டே சுருட்டுவர். எழுத்தறியாதவனும் அங்கே உலகறிந்தான்.

கடல் கடந்த கியூபாவிலும் இவ்வழக்கமே. 1865-இல் ஹவானாத் தொழிற்சாலையில் வாசிப்பு தொடங்கிற்று. வாசிப்போனுக்குத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதனைத் தடுத்தது. ஏன்? காது கொடுத்துக் கேட்கும் தொழிலாளி நாளை கணக்கும் கேட்பான்! தடை நிலைக்கவில்லை. அங்கே கேட்ட டூமாவின் நாவற்பெயரே பின்னர் ‘மாண்டிகிறிஸ்டோ’ என்னும் சுருட்டின் பெயராயிற்று. 2012-இல் கியூபா அவ்வாசிப்பையே நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

நாமோ புகையை மரபென்கிறோம், வாசிப்பை மறந்தோம். தோழர்களே! ஞாயிறுதோறும் தேக்காவில் நம் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கூடுகின்றனர். மலேசியத் தோட்டங்களில் இன்னும் லயங்கள் உள்ளன. அவ்விடங்களில் வாரம் ஒருநாள், ஒரு மணிநேரம், ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் கேட்பதற்கு எந்தச் சட்டம் தடை? மரபுக்காகக் கண்ணீர் விடுவோர் முதலில் ஒரு பத்திரிகையைக் கையிலெடுத்து வரட்டும். சுருட்டு அணைந்தால் அணையட்டும். வாசிக்கும் குரல் அணையலாகாது.