ஒரு சேகரிப்பு எப்போது ஆவணமாகிறது?

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் படம் பொறித்த பழைய சிகரெட் அட்டையொன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்த அட்டை இடம்பெறும் தொகுதியைச் சேகரிப்பாளர்கள் 'டி206' என்பர். அக்குறியீடு ஜெஃபர்சன் பர்டிக் என்னும் தனிமனிதர் உருவாக்கிய வகைப்பாட்டிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார்.

சிரக்யூஸ் நகரில் தொழிற்சாலை ஊழியராக இருந்த பர்டிக், புகையிலைப் பொட்டலங்களிலும் மிட்டாய் உறைகளிலும் வந்த அட்டைகளைத் திரட்டி, 1939இல் அவற்றுக்கொரு பட்டியல் வெளியிட்டார். அவர் வகுத்த முறையில் 'டி' என்பது இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளைக் குறிக்கும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்திற்கு அளித்தார். மூட்டுவாதம் வாட்டியபோதும் அவற்றை ஏடுகளில் ஒட்டும் பணியைத் தாமே செய்து, 1963 ஜனவரியில் முடித்தார். அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார்.

இன்று பலர் அட்டைகளுக்குத் தர மதிப்பெண் பெற்று, நெகிழி உறையில் அடைத்து, பங்குகளைப் போல வாங்கி விற்கின்றனர். அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் சந்தை அரியவற்றை மட்டுமே பேணும். பர்டிக்கின் பட்டியலிலோ, எவரும் தேடாத ஆட்டக்காரரின் அட்டைக்கும் இடமுண்டு. ஆய்வாளருக்குத் தேவைப்படுவது அந்த முழுமையே.

பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கும் சேகரிப்புகளை இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும். பட்டியலற்ற சேகரிப்பு, சேகரித்தவர் காலத்தோடு சிதறிவிடும்.