படத்துக்குள்ள இல்லாத ஆக்கள்

போன செமஸ்டரில் வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு ஒப்படை. இரண்டாம் உலகப் போர்க்காலத் திருகோணமலை பற்றி எழுத வேணும். நூலகத்தில் கிடைத்தது இரண்டு மூன்று புத்தகங்கள்தான். ஒருநாள் இரவு விடுதியில் இருந்து, லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பைத் திறந்தேன். விடியுமட்டும் மூடவில்லை.

எங்கட துறைமுகம். அதுக்குள்ள வரிசையாகப் போர்க்கப்பல்கள். வெயிலில் சட்டை இல்லாமல் சிரிக்கிற மாலுமிகள். ஒரு சதம் செலவில்லாமல், விசா இல்லாமல், ஒரு கலைப்பீட மாணவிக்கு இதெல்லாம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. முந்தி இதற்கு லண்டனுக்கு ஆள் போகவேணும்.

ஆனால் நான் தேடினது வேறொன்று. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலையில். அன்றைக்கு, கையில் ஒரு பானையோடு ஊரை விட்டு நடந்தவர்களில் என்ர அம்மம்மாவின் தாயும் ஒருத்தி. வீட்டில் இந்தக் கதை இப்பவும் இருக்கு. அந்த நடையின் படம் ஒன்று கிடைக்குமா என்றுதான் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் என்று யோசித்தால் விடை லேசானது. அந்தப் படங்களில் பெரும்பகுதியை எடுத்தது படைகளின் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளர்கள். எடுத்தது தணிக்கையைத் தாண்டித்தான் வெளியே போகும். சொந்த நாட்டுச் சனத்துக்குத் தைரியம் கொடுப்பதும் படத்தின் வேலை. ஓடுகிற சனத்தின் படம் அந்த வேலைக்கு உதவாது.

அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். அது மூழ்குகிற படம் இன்றைக்கும் எல்லா இடத்திலும் சுற்றுது. கன பேர் கவனிக்காத விஷயம், அந்தப் படம் ஒரு ஜப்பானிய விமானத்தில் இருந்து எடுக்கப்பட்டது. அதாவது, குண்டு போட்டவனின் கண்ணால்தான் நாங்கள் அந்தக் கப்பலைப் பார்க்கிறோம். மேலே இருந்து பார்த்தால் புகை தெரியும், சரிந்த தளம் தெரியும். 307 பேர் தெரியாது.

எங்கட வகுப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சி. ஒரு கட்சி படத்தை ஸ்கிரீன்சொட் எடுத்து, பிரசென்டேசனில் ஒட்டி, "ஆதாரம்" என்று சொல்லிப் போட்டுப் போகும். மற்றக் கட்சி, "இது காலனியக்காரன்ர சேகரிப்பு, நம்ப ஏலாது" என்று தொடாமலே விடும். இரண்டுமே சோம்பல் என்பது என் கருத்து. பேர்லினில் சோவியத் கொடி ஏற்றுகிற புகழ்பெற்ற படத்தை எடுத்துப் பாருங்கோ. 1945 மே மாதம் கால்தேய் என்பவர் ஏற்பாடு செய்து எடுத்த படம் அது. பிறகு புகையைக் கூட்டினார்கள், படைவீரனின் கையில் இருந்த கடிகாரம் ஒன்றை அழித்தார்கள். அதற்காக அந்தப் படத்தைக் குப்பையில் போட முடியுமா? ஏன் கடிகாரத்தை அழித்தார்கள் என்று கேட்டால், கொள்ளை அடித்தது என்று சனம் நினைக்கும் என்ற பயம் வெளியே வரும். அந்தத் திருத்தமே ஒரு வரலாற்று ஆவணம்.

ஆகவே படத்தைச் சாட்சியாகக் கூப்பிடுங்கோ, ஆனால் குறுக்கு விசாரணை செய்யுங்கோ. யார் எடுத்தது? யாருக்காக? கீழே உள்ள குறிப்பை எழுதினது யார், எப்ப? யாருக்குப் பெயர் இருக்கு, யார் வெறும் "உள்ளூர்வாசி"? தேடும்போதும் அவர்களின் சொல்லில்தான் தேட வேணும். "ஸ்ரீலங்கா" என்று போடாமல் "சிலோன்" என்று போடுங்கோ. "கூலி", "நேட்டிவ்" மாதிரி எரிச்சல் வருகிற சொற்களையும் போடத்தான் வேணும். எங்கட ஆக்களை அவர்கள் அந்தப் பெயரில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கப்பலுக்குக் கமெரா பிடித்த படங்களிலும், ஓரத்தில் சில நேரம் வள்ளத்தில் ஒருவர், சுமை தூக்குகிற ஒருவர் நிற்பார். படம் எடுத்தவர் கவனிக்காத அந்த மூலைதான் எங்களுக்கு வேண்டிய இடம். டிஜிட்டலாக இருப்பதன் பெரிய லாபமும் அதுதான். பெருப்பித்துப் பார்க்கலாம்.

ஒப்படையில் கடைசியாக நான் செய்தது, துறைமுகப் படத்தையும் அம்மம்மா சொன்ன கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஒன்று மற்றதைத் திருத்தவில்லை. ஆனால் ஒன்றில் இல்லாதது மற்றதில் இருந்தது.

இதை எழுதும்போது எங்கட காலத்துப் போர்தான் மனதில் நிற்குது. அதிலும் படைகள் எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கும். இடம்பெயர்ந்த வீடுகளில் தப்பினது ஒன்றிரண்டு படங்கள், அதுவும் தண்ணி பட்டு ஒட்டிப்போய். இன்னும் 80 வருசத்தில் ஒரு பிள்ளை ஒப்படைக்காகத் தேடும்போது, எங்கட கதைக்கு யார் எழுதின குறிப்பை வாசிக்கப் போகுது?

இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அலுமாரியில் உள்ள படங்களை எடுங்கோ. பின்பக்கத்தில் பெயர், இடம், வருசம் எழுதுங்கோ, பென்சிலால். சொல்லக்கூடிய ஆக்கள் இருக்கும்போதே கேளுங்கோ.

நான் கேட்கத் தொடங்கிவிட்டேன். அந்தப் பானை என்ன ஆனது என்று மட்டும் அம்மம்மாவுக்கு ஞாபகம் இல்லையாம்.