மருத்துவரைக் கண்டு அஞ்சும் விமானிகள்

அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சிறு விமானம் ஓட்ட ஆசைப்படும் ஒருவர், விமான மருத்துவப் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிட்டால், கார் ஓட்டும் உரிமத்தையே உடல்தகுதிக்குச் சான்றாகக் காட்டி ‘ஸ்போர்ட் பைலட்’ ஆகலாம். அதே மனிதர் பரிசோதனைக்குப் போய், தன் நோயை மறைக்காமல் சொல்லி, சான்றிதழ் மறுக்கப்பட்டுத் திரும்பினால், அந்தக் கார் உரிமம் அவருக்கு உதவாது. உடலும் ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். பரிசோதனைக்குப் போனார் என்பது மட்டுமே வேறுபாடு.

2004இல் ஸ்போர்ட் பைலட் உரிமம் அறிமுகமானதிலிருந்து இருந்துவரும் விதி இது. விபத்தைத் தடுக்க வகுத்த ஏற்பாடு, மருத்துவரிடமிருந்து தள்ளி நிற்பதே நல்லது என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

படிவத்தின் அச்சம்

தனியார் விமானிகள் வழக்கமாகப் பெறுவது ‘மூன்றாம் வகுப்பு’ மருத்துவச் சான்றிதழ். 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அது 5 ஆண்டுகள் செல்லும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு 2 ஆண்டுகள். கண், காது, இரத்த அழுத்தம், சிறுநீர் என்று சோதிப்பதில் கடினம் ஒன்றுமில்லை. கண்ணாடி அணிந்து பார்வை சரியாக இருந்தாலே போதும். விமானிகளை நடுங்கவைப்பது பரிசோதனைக்கு முன்பு இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம்தான். என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள், கடந்த 3 ஆண்டுகளில் எந்தெந்த மருத்துவரைப் பார்த்தீர்கள், எதற்காகப் பார்த்தீர்கள் என்று எல்லாவற்றையும் அது கேட்கிறது. பொய் சொன்னால் 5 ஆண்டுகள் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

மாரடைப்பு, வலிப்பு, இதயத்தில் பொருத்திய பேஸ்மேக்கர், இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு என 15 நிலைகள் நேரடித் தகுதியிழப்புப் பட்டியலில் உள்ளன. இவற்றுக்கும் ‘சிறப்பு அனுமதி’ என்ற வழி உண்டு. ஆனால், அதற்கான மருத்துவ அறிக்கைகளைத் திரட்டி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செலவும் விமானியின் தலையில்தான்.

மௌனத்தின் விலை

இந்த அச்சத்தின் விளைவை மனநலத்தில் தெளிவாகக் காணலாம். 2010 ஏப்ரல் வரை, மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்ளும் எவருக்கும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்ஏஏ) சான்றிதழ் வழங்கவில்லை. அப்படியானால் மனம் சோர்ந்த ஒரு விமானி என்ன செய்வார்? பறப்பதை விடலாம்; மருந்து இல்லாமல் பறக்கலாம்; மருந்தை மறைத்துக்கொண்டு பறக்கலாம். இவற்றில் முதலாவது மட்டுமே பாதுகாப்பானது. அதைத் தேர்ந்தெடுத்தவரோ வானத்தை இழந்தார். 2010இல் நான்கு மருந்துகளுக்கு நிபந்தனைகளுடன் கதவு திறந்தது. ஆனாலும், ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதற்குக்கூட விமானிகள் இன்றும் தயங்குகிறார்கள்.

மறைத்தவர்களைப் பிடிக்கவும் அரசு முயன்றது. 2000களின் தொடக்கத்தில், வடக்குக் கலிபோர்னியாவைச் சேர்ந்த 40,000க்கும் மேற்பட்ட விமானிகளின் பெயர்களை அரசின் உடற்குறை உதவித்தொகைப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். அதில் சிக்கியவர்களில் ஒருவர், தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை விமான நிர்வாகத்திடம் மறைத்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்திய அவர், தன் மருத்துவ விவரத்தைத் துறைகள் பகிர்ந்துகொண்டதால் ஏற்பட்ட மனவேதனைக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அரசே தனியுரிமைச் சட்டத்தை மீறியிருந்தாலும், மனவேதனைக்கு மட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கிடையாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மறைத்தது தவறு. ஆனால், அந்த வழக்கைக் கேள்விப்பட்ட மற்ற விமானிகள் உண்மையைச் சொல்ல முன்வந்திருப்பார்களா? மருத்துவரிடம் போவதையே தவிர்க்கத்தான் அது கற்றுத்தந்திருக்கும்.

பரிசோதனை தேவையில்லையா?

தேவைதான். 2016 ஜூலை 30 அன்று டெக்சாஸ் மாநிலம் லாக்ஹார்ட் அருகே வெப்பக் காற்று பலூன் ஒன்று மின்கம்பிகளில் மோதி 16 பேர் இறந்தார்கள். அதை ஓட்டியவர் கவனத்தைக் குலைக்கும் மருந்துகளை உட்கொண்டிருந்தார். கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் பலூன் ஓட்டிகளுக்கு அப்போது மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. 2022இல் வெளியான விதிதான் அதைக் கட்டாயமாக்கியது. கட்டணம் கொடுத்து ஏறுபவருக்கு ஓட்டுபவரின் உடல்நிலையை அறிய வழியில்லை. அவருக்காக அரசு கேட்டே ஆக வேண்டும்.

ஆனால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சோதனை எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. விபத்துகளில் இறந்த விமானிகளின் உடலில் கண்டறியப்பட்ட மருந்துகளை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டது. செயல்திறனைக் குறைக்கும் மருந்துகளில் அதிகம் காணப்பட்டது டைஃபென்ஹைட்ரமின். சளிக்கும் ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் சாதாரண மருந்து அது. நேற்றிரவு விழுங்கிய மாத்திரையை எந்தச் சான்றிதழ் தடுக்கும்? ‘இன்று நான் பறக்கும் நிலையில் இருக்கிறேனா’ என்று ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுக்கொள்ளும் நேர்மைதான் தடுக்கும். அந்த நேர்மையைப் பழக்கப்படுத்துவதே மருத்துவ விதிகளின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

குடும்ப மருத்துவரின் பங்கு

2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த ‘பேசிக்மெட்’ என்ற மாற்று முறை அந்தத் திசையில் எடுத்துவைத்த நல்ல அடி. 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற எந்த மருத்துவரிடமும் சோதித்துக்கொண்டு, 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இணையவழிப் பாடத்தை முடித்தால் போதும். மருத்துவர் நிரப்பும் பட்டியல் அரசுக்குப் போகாது, விமானியிடமே இருக்கும். நம் உடலை ஆண்டுக்கணக்கில் அறிந்த மருத்துவரிடம் ஒளிவுமறைவின்றிப் பேச இது இடம் தருகிறது. இதனால் விபத்துகள் பெருகும் என்றார்கள் சிலர். சட்டப்படி நாடாளுமன்றத்துக்கு எஃப்ஏஏ அளித்த ஆய்வு, பேசிக்மெட் விமானிகளுக்கும் மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் பெற்றவர்களுக்கும் விபத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2024இல் இயற்றிய சட்டம், இம்முறையில் ஓட்டக்கூடிய விமானத்தின் எடை வரம்பை 6,000 பவுண்டிலிருந்து 12,500 பவுண்டாக உயர்த்தியது.

குறைகளும் உண்டு. 2006 ஜூலை மத்திக்குப் பிறகு ஒருமுறையாவது வழக்கமான மருத்துவச் சான்றிதழைப் பெற்றிருந்தால்தான் பேசிக்மெட்டுக்குள் நுழைய முடியும். பின்னால் பொறுப்பு தன்மீது விழுமோ என்று கையெழுத்திடத் தயங்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது

2025 அக்டோபர் 22 முதல், ஸ்போர்ட் பைலட்டுகள் நான்கு இருக்கை விமானங்களையும் ஒரு பயணியோடு ஓட்டலாம். கார் உரிமத்தின் மதிப்பு வானத்தில் இவ்வளவு உயர்ந்த பிறகும், பரிசோதனையில் தேறாதவருக்கு அது செல்லாது என்ற விதி அப்படியே நிற்கிறது. அதை நீக்க வேண்டும். மறுக்கப்பட்ட காரணம் கார் ஓட்டுவதற்குத் தடையில்லை என்றால், சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் கடிதத்தோடு அவரும் சிறு விமானம் ஓட்ட வழி விட வேண்டும். ஆலோசகரிடம் பேசியதையும் குணமாகிவிட்ட மனச்சோர்வையும் மாதக்கணக்கான விசாரணைக்குக் காரணமாக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு கையெழுத்திடும் மருத்துவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். வேண்டுமென்றே மறைப்பவருக்குத் தண்டனை இருக்கட்டும்.

நோயை மருத்துவரிடம் சொன்ன விமானியைவிட, சொல்லாத விமானியே ஆபத்தானவர். சொன்னவரை வெளியே நிறுத்தி, சொல்லாதவரை உள்ளே விடும் விதி யாரையும் காப்பாற்றாது.