பத்தாம் ஆண்டுக் கணக்கையும் போடுவோம்

நம் சங்க உறுப்பினர்களில் பலர் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். கடையை வளர்த்து நம் கையில் கொடுத்த தந்தைக்கோ எண்பது நெருங்குகிறது. பிள்ளைகள் வெளியூரில். காலையில் கடை திறந்து இரவு பூட்டும் நமக்கு, வீட்டில் தனித்திருக்கும் பெரியவரைக் கவனிக்க நேரமில்லை. ஆகவே கோவைப் பக்கம் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகளை விசாரிக்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. சரக்குக் கொள்முதலில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடக் காட்டாமல் கையெழுத்திடுவதுதான் வெட்கம்.

சென்ற ஆண்டு என் தந்தையை அழைத்துக்கொண்டு அப்படி ஓர் இடம் பார்க்கப் போனேன். நான் விலையையும் லிஃப்டையும் சாப்பாட்டுக் கூடத்தையும் விசாரித்தேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?" நேரான பதில் வரவில்லை. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். தன் வேலையைத் தானே செய்ய இயலாதவரைக் குடும்பத்தார் அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்று அதில் ஒரு விதி! எந்த நாளை எண்ணி இடம் தேடினோமோ, அந்த நாளில் அங்கே இடமில்லை.

அடுத்தது கணக்கு. வீட்டின் விலை ஒருமுறைச் செலவு. மாதக் கட்டணமோ ஏறிக்கொண்டே போகும். இன்று ரூ. 20,000 என்று வைப்போம். ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால் பத்தாம் ஆண்டில் ஏறக்குறைய ரூ. 40,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 30 இலட்சமாக உயர்ந்தது. அப்போது நிர்ணயித்த 8.2 சதவீத வட்டியில், முழுத்தொகை போட்டாலும் மாதத்துக்கு ரூ. 20,500 கணக்காகிறது, அதுவும் வரிக்கு உட்பட்டது. போட்ட வட்டி ஐந்து ஆண்டுக்கும் ஏறாது. முதல் ஆண்டில் சரியாகும் கணக்கு பின்னால் துண்டு விழும்.

ஆகவே கேட்க வேண்டியவை: கிரயமா, திருப்பித் தரும் வைப்புத்தொகையா, வாடகையா? தொகை எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும்? ஆண்டு உயர்வுக்கு வரம்பு உண்டா? ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா? இரவில் செவிலியர் இருப்பாரா? பதில் எல்லாம் எழுத்தில் வேண்டும்.

சுழல் முதலை உருவி இதில் போடாதீர்கள். கடை தளர்ந்தால் அப்பாவின் மாதக் கட்டணமும் தவறும். கடை வாடகையைப் போல, பங்குதாரர் லாபம் பிரிக்கும் முன்பே அதை எடுத்து வைக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவும் நினைவிருக்கட்டும்: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அவர் கொடுத்த கடையின் வருவாயில் முதல் பாத்தியதை அவருக்கே.

வேறோர் இடத்தில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பிடித்தால் இருப்பார், பிடிக்காவிட்டால் வீடு இருக்கிறது. பணம் கட்டுவது நான்; முடிவு அவருடையது.