முகவரியின் வாலில் ஒரு சீட்டு

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சாப்பிட்டதும் மேசைக்கு ஒரு துண்டுச்சீட்டு வரும். கல்லாவில் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது; சீட்டுதான் கணக்கு.

அகப்பக்கமும் அப்படித்தான். ஒவ்வொரு தட்டலிலும் நம்மை மறந்துவிடும். அதற்குச் சீட்டாக 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மொண்டுலி உருவாக்கியதுதான் ‘குக்கி’.

‘குக்கி நம்மை வேவு பார்க்கும்’ என்று பயந்து, கைப்பேசியில் அதை முடக்கி வைத்திருந்தேன். தீபாவளிக்கு ஒரு புடவையைப் பார்த்து, அதன் இணைப்பைக் குடும்பப் புலனக் குழுவில் போட்டேன். “அக்கா, தட்டினா உங்க கணக்கே திறக்குது! வீட்டு முகவரிகூடத் தெரியுது!” என்றாள் சித்தி மகள்.

குக்கி இல்லாததால், அந்தத் தளம் என் சீட்டு எண்ணை இணைப்பின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. புடவையோடு சீட்டையும் நானே பந்தி வைத்துவிட்டேன்! உடனே லாக் அவுட் செய்தேன். அந்த எண் செல்லாக்காசானது.

இப்போதெல்லாம் நல்ல தளங்கள் இப்படிச் செய்வதில்லை. ஆனாலும் இணைப்பை அனுப்புமுன் வாலைப் பாருங்கள். ‘செஷன்’, ‘எஸ்ஐடி’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பின்னால் புரியாத எண்ணும் எழுத்தும் நீண்டால் அனுப்பாதீர்கள். புடவையைப் படம் பிடித்து அனுப்பினால் போதும்.

குழுவில் இருந்தவர்கள் சொந்தக்காரர்கள். பிழைத்தேன்.